இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அவளும் தென்காசியில், கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தோம். வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் மனுக்களையும் பிரமாணப் பத்திரங்களையும் கார்பன் வைத்து நாலு பிரதி அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. இரண்டு பேருக்கும் வீடு குற்றாலத்தில். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள். பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே முகம் தெரியும் என்றாலும் நெருக்கமானது அந்தக் கடைக்கு வந்த பிறகுதான்.

மற்ற மாதங்களில் பஸ்ஸில் போய்வருவதில் சிரமம் இல்லை. அருவியில் தண்ணீர் விழும் சீசன் தொடங்கிவிட்டால் உள்ளூர்க்காரர்களுக்குப் பஸ்ஸில் இடம் கிடையாது. தலையில் எண்ணெயும் தோளில் ஈரத் துண்டுமாக வெளியூர்க் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கும். கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் விசில் கொடுத்துவிடுவார். அப்படி மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற ஒரு நாளில் அவள் கேட்டாள்.

“ஏட்டி, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு சைக்கிள் வாங்குவமா?”

“எனக்கு ஓட்டத் தெரியாதே.”

“எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? வாங்கிட்டா தெரிஞ்சிட்டுப் போவுது.”

மாற்றலாகிப் போகவிருந்த ஒரு டீச்சரிடம் லேடீஸ் சைக்கிள் ஒன்று விலைக்கு இருந்தது. பேர் போன கம்பெனிச் சைக்கிள் இல்லை. எங்கெங்கிருந்தோ உதிரி பாகம் சேர்த்து யாரோ கட்டிய வண்டி. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. பின் சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க ஒரு வலை. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். சீசன் முடிந்து கார்கள் இல்லாமல் காலியாகக் கிடந்த மைதானத்தில் விடியற்காலையில் போய்ப் பழகினோம். அவள் மூன்று நாளில் பழகிவிட்டாள். எனக்கு மூன்று வாரம் ஆனது. என் முழங்காலில் இருக்கும் தழும்பு அப்போது வந்ததுதான்.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவும், கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனும்தான். சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தியபோது அவள் அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏ பிள்ள, நீ மிதிச்சிட்டுப் போ. இவ பின்னால உக்காந்து வரட்டும். இவ மிதிக்க வேண்டாம், என்னா?”

வயசுப் பெண் சைக்கிள் மிதித்தால் ஊரில் ஏதாவது சொல்வார்கள், வரன் தேடும் நேரம், அதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “சரி அத்தை” என்று தலையாட்டினேன். தெரு முக்கு திரும்பியதும் அவளே இறங்கி, “தள்ளு ட்டி” என்று ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டாள்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் காலையில் நான் மிதிப்பது, மாலையில் அவள். மறுவாரம் மாற்றி. இதில் மாலைதான் கஷ்டம். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும்போது பாதை லேசாக இறங்கும், காற்றும் பின்னாலிருந்து தள்ளும். காலையில் பாதி வழியிலுள்ள மேலகரம் வரை பெடலைத் தொட வேண்டியதே இல்லை. திரும்பும்போது எல்லாம் தலைகீழ். ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல வரும். பின்னால் ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு அந்தக் காற்றில் மேற்கே மிதிப்பது லேசான காரியம் இல்லை.

இன்னொரு ஏற்பாடும் தானாக வந்தது. மிதிக்கிறவளுக்குப் பேச மூச்சு இருக்காது. ஆகவே பின்னால் உட்கார்ந்திருப்பவள் பேச வேண்டும். அவள் பேசுவதில் கெட்டிக்காரி. அன்று அடித்த மனுக்களில் வந்த ஆட்களையெல்லாம் எடுத்து நடித்துக் காட்டுவாள். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்று மனுக் கொடுக்க வந்ததை அவள் சொன்ன அன்று, சிரித்துச் சிரித்து நான் சைக்கிளை வயலுக்குள் விட்டேன். நாற்றுக்குள் விழுந்து கிடந்தபடியே அவள் மீதிக் கதையையும் சொல்லி முடித்தாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இரண்டு வருஷம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அப்போது அது தெரியவில்லை.

மூன்றாவது வருஷம் அவள் மாலை முறைகளைத் தட்டிக்கழிக்கத் தொடங்கினாள். ஒரு நாள் கால் சுளுக்கு என்பாள். ஒரு நாள் வயிற்று வலி. ஒரு நாள் புதுச் சேலை, கிரீஸ் பட்டுவிடும். முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கத் தொடங்கிய பிறகு எண்ணத் தொடங்கினேன். ஆனி மாதம் முழுக்க அவள் மாலையில் மிதித்தது இரண்டே நாள். மற்ற நாளெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வசதியாகப் பின்னால் ஏறி உட்கார்ந்து, “போலாம் ட்டி” என்பாள்.

மாதத்துக்கு ஒரு முறை மதியச் சாப்பாட்டு வேளையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வாள். கேட்டால் “சத்து ஊசி” என்பாள். “சத்து ஊசி போட்டுமா மிதிக்க முடியல?” என்று ஒரு நாள் கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. அழுத்தி மிதித்தால் செயின் பல்லிலிருந்து நழுவி, பெடல் சும்மா சுற்றும். பின் ரிம் கோணலாகி மட்கார்டில் உரசும். பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். மேலகரத்தில் இருந்த சைக்கிள் கடையில் கொண்டுபோய் நிறுத்தினோம். கடைக்காரர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, தலையைச் சொறிந்தார்.

“எம்மா, இதுல ஒண்ணும் மிச்சமில்ல. செயின் போச்சு, செயின் மாட்டுத பின்பல்லு, அந்த ப்ரீவீலும் போச்சு, ரிம்மு ரெண்டும் மாத்தணும். எல்லாத்தையும் கழட்டி ஓவராயில் பண்ணி, புதுச் சாமான் போட்டா ஓடும். ஆனா இந்தக் கட்டைக்கு அம்புட்டுச் செலவு பண்ணணுமான்னு யோசிங்க. பேசாம ஒரு புது வண்டி எடுத்துருங்க.”

“புதுச் சாமான் போட்டா மிதிக்க லேசாயிருமா அண்ணாச்சி?” என்று அவள் கேட்டாள்.

“பல்லு கூடுதலா உள்ள ப்ரீவீல் ஒண்ணு இருக்கு. அதப் போட்டா ஏத்தத்துல லேசா இருக்கும். வேகம் வராது, பாத்துக்கோங்க. சுத்திக்கிட்டே இருக்கணும்.”

“வேகம் யாருக்கு வேணும்? அதையே போடுங்க.”

“இரு” என்றேன் நான். “யோசிச்சிச் சொல்லுதோம் அண்ணாச்சி.”

அந்த ஒரு வாரமும் எங்களுக்குள் அதே பேச்சுதான். அவள் பழையதைச் சரிபண்ணிவிடலாம் என்றாள். பிரேம் நல்ல இரும்பு, இப்போது வரும் சைக்கிள் எல்லாம் தகரம் என்றாள். நான் புதிது என்றேன். அதுவும் ஆளுக்கொன்று என்றேன். ஆளுக்கொன்று என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். “ரெண்டு வண்டி எதுக்கு? அப்ப யாரு யாருகூடப் பேசது?” என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. லேசாக மிதிக்கிற ப்ரீவீலைப் போட்டுவிட்டு அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வரப் பார்க்கிறாள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு மாலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. காற்று நிற்க விடவில்லை. அந்த வாரம் மாலை முறை அவளுடையது. கடையை விட்டு வந்ததும் அவள் வழக்கம்போலக் கேரியர் பக்கம் போய் நின்றாள்.

“இன்னைக்கு நீ மிதி ட்டி” என்றாள். “எனக்கு என்னமோ மாரி இருக்கு.”

நான் ஏறி மிதித்தேன். மேலகரம் தாண்டுவதற்குள் செயின் மூன்று முறை நழுவியது. மூன்றாவது முறை என் கால் வழுக்கி, பெடல் கணுக்காலில் அடித்தது. நான் இறங்கி, சைக்கிளை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டுக் கத்தினேன்.

“எத்தன நாளைக்கு ஒன்னச் சொமந்துக்கிட்டே போறது? ஒரு நாளாவது மொற மாறாம மிதிச்சிருக்கியா? இப்பிடிச் சொகுசா உக்காந்து வாரதுக்கு ஒனக்கு எதுக்குச் சைக்கிள்? மாட்டு வண்டி வச்சுக்கோ.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாக வந்து என் கையிலிருந்து ஹேண்டில்பாரை வாங்கினாள். ஏறி உட்கார்ந்து, “ஏறு” என்றாள்.

நான் ஏறினேன். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நான் ஏறி உட்கார்ந்தேன்.

அவள் மிதித்தாள். எதிர்க்காற்றில் சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் போனது. கொஞ்ச தூரத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம். எனக்குக் கேட்க வேண்டும் என்றே அப்படி விடுகிறாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பின்னால் இருப்பவள்தான் பேச வேண்டும். நான் பேசவும் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவள் காலை ஊன்றி நிறுத்தினாள். சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது உதடு கறுத்திருந்தது. குளிரில் அப்படி இருக்கிறது என்று நினைத்தேன்.

“செயின் நழுவுது” என்றாள். “தள்ளிட்டே போயிருவோம்.”

மீதி தூரம் நான் சைக்கிளைத் தள்ள, அவள் பின்னால் நடந்து வந்தாள். அடிக்கடி நின்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் அவளுக்காகக் காத்து நின்றேன்.

மறுநாள் கடையில் வைத்து, “நான் எனக்குப் புதுசு எடுக்கப் போறேன். பழச நீ வச்சுக்கோ. ஒன் இஷ்டம்போல என்ன வேணும்னாலும் போட்டுக்கோ” என்றேன். பக்கத்து மெஷினில் இருந்த அவள் கையை எடுக்காமலே “சரி” என்றாள். பிறகு அடித்துக்கொண்டிருந்த தாளை உருவி, கசக்கிப் போட்டுவிட்டு, புதுத் தாள் மாட்டினாள்.

என் புதுச் சைக்கிள் வந்தது. சிவப்பு நிறம். மணி கணீரென்று இருந்தது. அவள் வீட்டிலிருந்து குங்குமம் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் ஒரு பொட்டு வைத்தாள். சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லாருக்கு ட்டி. என்னிக்காச்சும் என்ன இதுல ஏத்துவியா?”

“ஒனக்குத்தான் ஒன் சைக்கிள் இருக்குல்லா” என்றேன்.

அவள் பழைய சைக்கிளுக்குப் புதுச் செயினும் ரிம்களும் அந்தப் பல் கூடிய ப்ரீவீலும் போட்டுக்கொண்டாள். காலையில் எனக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். மாலையில், “நீ போ ட்டி, இதை முடிச்சிட்டு வாரேன்” என்று ஏதாவது வேலையை வைத்துக்கொண்டிருப்பாள். என் கண் முன்னால் மிதிக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் ஏதாவது வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பும் நாட்களில், வழியில் அவளைத் தாண்டிப் போவேன். அவள் மிதித்து நான் பார்த்ததில்லை. எப்போதும் தள்ளிக்கொண்டுதான் போவாள். ஒரு முறை வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் பக்கத்தில் நின்றது. நான் மணி அடித்தேன். அவள் கையை உயர்த்தினாள். நான் நிற்காமல் போய்விட்டேன். புதுச் சாமான் போட்டும் மிதிக்கச் சோம்பேறித்தனம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் அவள் சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டுப் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். தையில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கீழப்பாவூர். ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. அவள் வேலையை விட்டாள். கல்யாணத்துக்குப் போனேன். எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று கொடுத்தேன். மணமேடையில் அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பழைய மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஐந்தாறு மாதம் தகவல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்து, அவள் உண்டாகியிருப்பதாகவும், ஓய்வுக்காக வீட்டுக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். அன்று மத்தியானமே போனேன்.

கட்டிலில் மூன்று தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதம். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. அம்மா காப்பி போட உள்ளே போனதும், “படுக்க முடியல ட்டி” என்றாள். “படுத்தா மூச்சு முட்டுது.”

“மாசமா இருந்தா அப்பிடித்தான் இருக்கும்.”

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

பதினொரு வயதில் அவளுக்கு மூட்டுகளெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஆறு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அது இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது. அது சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மாதா மாதம் போட்டது சத்து ஊசி இல்லை, அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போடும் ஊசி. அப்பா இல்லாத பிள்ளை, இது வெளியில் தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அப்ப அன்னைக்கு, மேலகரத்துப் பக்கத்துல...”

“அன்னைக்கு நான் மிதிக்கயில செயின் ஒரு தடவகூட நழுவல ட்டி.”

“நான் கேரியர்ல உக்காந்துட்டே இருந்தேனே.”

“ஆமா. நீ வெயிட்டுத்தான்” என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும் வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது.

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. ஆயுசுக்கும் ஒன்னச் சொமந்திருப்பேனே.”

“அதுக்குத்தான் சொல்லல. வீட்டுல எல்லாரும் என்னக் கண்ணாடிப் பாத்திரம் மாரித்தான் வச்சிருக்காங்க. மாடி ஏறாத, தண்ணி தூக்காத. என்ன ஏசுன ஒரே ஆளு நீதான் ட்டி. நான் நல்லா இருக்கேன்னு நம்புன ஆளும் நீ ஒருத்திதான்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“பிள்ள பெறக் கூடாதுன்னு முன்னாலயே சொல்லிருந்தாங்க. எங்க வீட்டுக்காரவுகளுக்கு எப்பிடிச் சொல்லது? அதச் சொன்னா எல்லாத்தையும்லா சொல்லணும்.”

“நான் சொல்லுதேன். இப்பவே கீழப்பாவூருக்குப் போயி அவர்ட்டச் சொல்லுதேன்.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம். எங்கம்மைக்கு அவமானமாப் போயிரும். பொய் சொல்லிக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. பிள்ள பொறந்த பொறவு நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். நீ சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

காப்பி டம்ளரோடு அம்மா வரும் சத்தம் கேட்டது. “சொல்லு ட்டி” என்றாள். “சொல்ல மாட்டேன்” என்றேன்.

பதினைந்து நாள் கழித்து அவளைக் கீழப்பாவூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். தென்காசியிலிருந்து அவள் ஊருக்குப் பஸ் இருந்தது. ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு முறை பஸ் நிலையம் வரைக்கும் போனேன்.

ஏழாவது மாதத்தில் ஒரு காலை அவளுக்கு மூச்சுத் திணறல் வந்து, நுரை நுரையாகச் சளி வந்திருக்கிறது. கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஆலங்குளம் தாண்டவில்லை; அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கியபோது உயிர் இல்லை. வயிற்றில் இருந்தது பெண் குழந்தை என்று பிறகு சொன்னார்கள்.

எனக்குத் தகவல் சொன்னது அவள் அண்ணன்தான். கடை வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் மெஷினை மூடப் போனேன். மூடியைத் தலைகீழாக வைத்து மாட்டப் பார்த்ததும், முதலாளி எழுந்து வந்து அதை வாங்கி மாட்டியதும் மட்டும்தான் அன்றைய தினத்தில் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. கீழப்பாவூருக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் அந்தப் பச்சைச் சைக்கிளை மேலகரத்துக் கடையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதில் பாதி என்னுடையது, என்ன செய்யவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் ஒரு மாலை என்னைக் கைகாட்டி நிறுத்தினார். வண்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

“டயர்ல காத்து இல்ல, அவ்வளவுதான். மத்ததெல்லாம் நல்லா இருக்கு. நான் போட்ட ப்ரீவீல் புத்தம் புதுசா இருக்கும்மா. ஒரு பல்லுகூடத் தேயல. அந்தப் பிள்ள ஓட்டவே இல்லியா?”

நான் பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

“தொடச்சு எண்ணெ போட்டா நீயே வச்சு ஓட்டலாம். இல்லேன்னா சாமானப் பிரிச்சு வேற வண்டிக்குப் போட்டுக்கிடுதேன். எதுன்னு சொல்லு.”

“பிரிச்சிருங்க அண்ணாச்சி” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் நிறுத்த இடம் இருந்தது. ஓட்டியிருக்கலாம். அவர் உடனே ஸ்பேனரை எடுத்தார். முதல் நட்டு கழன்று தரையில் விழுந்ததும் நான் கிளம்பிவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மதியம், சாப்பாட்டு வேளை. கடையில் நான் மட்டும் இருந்தேன். அவள் கணவர் வந்தார். கல்யாணத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல வருவீங்களாம்லா. ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசிக்கிட்டு இருப்பா.”

“ஆமா.”

“ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க.” டம்ளரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “அவளுக்கு முன்னாடியே ஏதாச்சும் இருந்துச்சா? ஆலங்குளத்து ஆஸ்பத்திரில பாத்த டாக்டர், ரொம்ப நாளா இருந்திருக்கும்னு சொன்னாரு. அத்தைட்டக் கேட்டா ஒண்ணுமே இல்லங்காங்க. மச்சானும் அப்பிடித்தான் சொல்லுதாரு. நீங்க வருசக்கணக்கா கூடவே இருந்திருக்கீங்க. ஒங்களுக்குத் தெரியாம இருக்காது.”

எனக்கு முன்னால் மெஷினில் பாதி அடித்த தாள் ஒன்று மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

“மிதிக்கயில மூச்சு வாங்குவாளா?”

“அவதான் நல்லா மிதிப்பா. மூணே நாள்ல பழகிட்டா. எனக்குத்தான் வராது.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போலத் தோன்றியது. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்:

“தெரிஞ்சிருந்தா பிள்ளையே வேண்டாம்னு இருந்திருப்பேன். எங்க அக்காவுக்கு நாலு பிள்ளைங்க. ஒண்ணத் தூக்கிட்டு வந்து வளத்திருப்போம். எனக்கு அவ போதும்.”

அவர் எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனார். வாசல் வரைக்கும் போனவரைக் கூப்பிட்டுவிட வாயைத் திறந்தேன். கோர்ட்டு வாசலில் கூட்டம் அதிகமாக இருந்தது. அவர் அதற்குள் போய் மறைந்துவிட்டார்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அம்மா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“மாப்பிள தென்காசிக்கு வந்தாராமே. ஒன்ன வந்து பாத்தாரா?”

“பாத்தாரு அத்தை.”

“என்ன கேட்டாரு?”

“ஒண்ணும் கேக்கல. சும்மா வந்தாரு.”

அவர் என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “நீ நல்ல பிள்ள” என்றார். “அவ ஒன்னப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பா. நீ நல்ல பிள்ள.”

அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை. வெளியே மழை வலுத்தது. அண்ணன் வேலையிலிருந்து வந்து விளக்கைப் போடும் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.